உள்ளங்காலத் திருப்பிப் பாருங்க: தோல் கான்சரை நேரத்தோட கண்டுபிடிக்கிறது எப்பிடி

இதை வாசிக்கிற நேரம் எங்க இருந்தாலும் சரி, செருப்பைக் கழட்டிட்டு ஒரு காலைத் தூக்கி மற்றத் தொடையில வச்சு உள்ளங்காலை ஒருக்கா பாருங்க. குதி, நடுப்பாதம், விரலுக்குக் கீழ இருக்கிற சதை, விரல் இடுக்கு, பெருவிரல் நகம். கடைசியா எப்ப இப்பிடிப் பார்த்தீங்க எண்டு யோசிச்சா கனபேருக்கு ஞாபகமே வராது, முகத்தை ஒரு நாளைக்கு பத்துத் தரம் கண்ணாடியில பார்ப்பம், உள்ளங்காலை முள்ளுக் குத்தினாத்தான் பார்ப்பம். ஆனா எங்கட நிறத்து ஆக்களுக்கு தோல் கான்சர்ல மோசமான வகையான மெலனோமா வந்தா, கூடுதலா வர்றது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி, இந்த மூண்டு இடத்திலதான். வெயில் படாத இடங்கள்.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுகொண்டது பிந்தித்தான். எங்கட பெரியப்பா திருகோணமலையில திருக்கடலூர்ல இருந்தவர், சின்ன வயசில இருந்தே கடல் தொழில், கரையில வெறுங்காலோடதான் நடப்பார். ஒரு நாள் பின்னேரம் கிணத்தடியில கால் கழுவிட்டு படியில குந்தி இருந்தவர், நான் தண்ணி குடுக்கப் போன நேரம் ஈரக்காலை அப்பிடியே நீட்டி வச்சிருந்தார், அப்பதான் கண்டன். வலக்கால் குதிக்குக் கொஞ்சம் முன்னால ஒரு கறுப்பு. நாவல்பழம் திண்ட நாக்கு மாதிரி ஒரு நிறம், ஒரு பக்கம் நல்ல கறுப்பு, மற்றப் பக்கம் மண்ணிறமா மங்கிப் போகுது, விளிம்பு நனைஞ்ச பேப்பர்ல மை ஊறின மாதிரி நேரில்லாம ஓடுது. ஒரு ரூபாக் குத்தி அளவு இருக்கும். தோலின்ட கோடுகள் அதுக்கு மேலால அப்பிடியே போகுது, அதால புண் மாதிரியும் தெரியேல்ல. என்ன இது எண்டு கேட்க, "அது பழைய முள்ளுக் குத்தின இடம் பிள்ளை, ரெண்டு வருஷமா கிடக்கு, நோவில்லை" எண்டார். நோவில்லை எண்ட அந்த ஒரு சொல்லில நாங்க எல்லாரும் பேசாம இருந்திட்டம்.

அதுக்கு முதலே அவர் டவுன்ல ஒரு இடத்தில காட்டி இருக்கிறார், அங்க இருந்தவர் செருப்பைக் கழட்டச் சொல்லிக்கூட பார்க்காம, சொன்னதைக் கேட்டுட்டு, கால் ஆணிக்கு ஒட்டுற பிளாஸ்டர் குடுத்து அனுப்பி இருக்கிறார். அதை ஒட்டி ஒட்டி மேல்தோல் வெளுத்து உரிஞ்சு, கறுப்பு கொஞ்சம் குறைஞ்ச மாதிரித் தெரிய, சரி சுகம் வருது எண்டு நினைச்சார். பிறகு அரையில நெறி கட்டினதுக்குப் பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனது. அந்த நெறிதான் காலில இருந்தது மேல ஏறிட்டுது எண்டதுக்கு அடையாளம். ஒப்பரேஷன் செய்து பாதத்தில ஒரு பங்கை எடுத்தாங்க, ஒண்டரை வருஷம் இருந்தார். நான் கண்ட அண்டைக்கே கூட்டிக்கொண்டு போயிருந்தா எண்டு இப்பவும் யோசிக்கிறன், அதால இதை விளக்கமா எழுதுறன், உங்கட வீட்டில ஆராவது ஒருத்தர் கால் நீட்டி இருக்கேக்க உங்களுக்கு என்ன பார்க்கோணும் எண்டு தெரிஞ்சிருக்கோணும்.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடுறன், பயப்படுத்திற மாதிரி இருக்கக் கூடாது. கறுத்த, மண்ணிறத் தோல் இருக்கிற எங்களுக்கு தோல் கான்சர் வெள்ளைக்காரங்களை விட நல்லாக் குறைவு. தோலில இருக்கிற மெலனின் எண்ட நிறப்பொருள் ஒரு குடை மாதிரி காக்குது. பிரச்சினை என்னெண்டா, குறைவு எண்ட படியால ஒருத்தரும் தேடுறதில்லை, வந்தா பிந்தித்தான் பிடிபடுது. இணையத்தில தேடினா வர்ற படங்களும் அநேகமா வெள்ளைத் தோலில இருக்கிற படங்கள், அதைப் பார்த்து எங்கட தோலை மதிப்பிட்டா தப்பாத்தான் போகும்.

எப்ப பார்க்கிறது எண்டதுக்கு நான் கண்டுபிடிச்ச லேசான வழி பௌர்ணமிக்கு வர்ற போயா லீவு. மாசத்துக்கு ஒருக்கா கட்டாயம் வரும், வீட்டில எல்லாரும் நிப்பாங்க, கலண்டர்ல குறிக்கவும் தேவையில்லை. குளிச்சிட்டு வந்த உடன, காலமை வெளிச்சத்தில, வாசல் பக்கம் இல்லாட்டி யன்னல் பக்கம் கதிரையைப் போட்டுப் பாருங்க. டியூப் லைட் வெளிச்சத்தில மண்ணிறமும் கறுப்பும் பிரிஞ்சு தெரியாது. கையில ஒரு அடிமட்டம், போன், கைக்கண்ணாடி இருந்தாக் காணும். முதுகு, பின்கழுத்து, காதுக்குப் பின்னால, பின்தொடை எல்லாம் தனக்குத் தானே பார்க்க ஏலாது, வீட்டில இருக்கிற இன்னொராளைப் பார்க்கச் சொல்லுங்க. தலைக்குள்ள பார்க்க அம்மாமார்தான் சரி, பேன் பார்க்கிற மாதிரி வகிடு வகிடாப் பிரிச்சுப் பார்ப்பாங்க. வயசு போன ஆக்களுக்கு குனிஞ்சு உள்ளங்கால் பார்க்க ஏலாது, அம்மம்மா அப்பப்பாவின்ட காலை நீங்கதான் மடியில தூக்கி வச்சுப் பார்க்கோணும், அவங்க வேண்டாம் எண்டுதான் சொல்லுவாங்க, காலில கை வைக்கிறது அவங்களுக்குக் கூச்சம், எண்டாலும் விடாதீங்க.

இப்ப மச்சத்துக்கு வருவம். உடம்பில இருக்கிற எல்லா மச்சமும் கான்சர் இல்லை, பெரும்பாலும் எல்லாருக்கும் பத்து இருபது மச்சம் இருக்கும். 1985இல நியூயோர்க்ல இருந்த டொக்டர்மார் நினைவில வைக்க லேசா ஏ, பி, சி, டி எண்டு ஒரு முறை கொண்டு வந்தாங்க, 2004இல ஈயும் சேர்ந்துது. ஏ எண்டது மச்சத்தை நடுவால ஒரு கோடு போட்டுப் பிரிச்சுப் பார்க்க ரெண்டு பாதியும் ஒரே மாதிரி இல்லாம இருக்கிறது. பி எண்டது விளிம்பு, வட்டமா நேரா இல்லாம கடிச்ச பிஸ்கட் மாதிரியும் ஊறின மை மாதிரியும் இருக்கிறது. சி நிறம், ஒரே மச்சத்துக்குள்ள கறுப்பு, மண்ணிறம், சிவப்பு, நீலம், சாம்பல் எண்டு கலந்து கிடக்கிறது. டி அகலம், 6 மில்லிமீற்றரை விடக் கூட, அதாவது ஒரு பென்சில் தடிப்பை விடப் பெருசு. ஈ எண்டது மாறுறது, போன மாசம் இருந்த மாதிரி இந்த மாசம் இல்லை, பெருக்குது, உயருது, கடிக்குது, ரத்தம் வருது. என்னைக் கேட்டா எங்கட ஆக்களுக்கு மற்ற நாலையும் விட இந்தக் கடைசிதான் முக்கியம், ஏனெண்டா எங்கட மச்சங்கள் இயல்பாவே நல்ல கறுப்பு, நிறத்தை வச்சு மட்டும் ஒண்டும் சொல்ல ஏலாது, ஆனா சின்ன வயசில இருந்து அப்பிடியே கிடந்த மச்சம் நாப்பது அம்பது வயசில திடீரெண்டு வளருதெண்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. இன்னொண்டும் பாருங்க, ஒருத்தரின்ட மச்சங்கள் பொதுவா ஒரே சாயல்ல இருக்கும், அதுக்குள்ள ஒண்டு மட்டும் ஒட்டாம வேற மாதிரி நிண்டா அதைத்தான் டொக்டருக்குக் காட்டோணும்.

ஏ பி சி டி எல்லாத்துக்கும் தப்பிப் போற ஒரு வகையும் இருக்கு. நிறமே இல்லாம சிவப்பா, ரோஸா, சின்னக் கட்டி மாதிரி எழும்பி, தொட்டா இறுக்கமா, ஒரு மாசத்துக்கு மேல வளர்ந்துகொண்டே போறது. தட்டுப்பட்டா லேசா ரத்தம் வரும். பாலுண்ணி எண்டு நினைச்சு விட்டிடுவம். உயர்ந்து, இறுகி, விடாம வளருது எண்டு மூண்டும் சேர்ந்தா நிறத்தைப் பார்க்காம போங்க.

உள்ளங்கால், உள்ளங்கையில என்ன பார்க்கிறது எண்டா, புதுசா வந்த கறுப்போ மண்ணிறமோ ஒரு திட்டு, தேச்சாலும் போகாதது, மெல்ல மெல்ல அகலிக்கிறது. எங்கட பக்கம் இதில ஒரு குழப்பம் வரும். டச்சுக் குடாவிலயோ புறாமலைப் பக்கமோ பாறையில கால் வச்சு, அந்தக் கறுப்பு முள்ளு முள்ளா இருக்கிற கடல் பிராணியை மிதிச்சவங்களுக்கு காலில கறுப்புப் புள்ளிகள் விழும், அது நாள் போகப் போக மங்கி கொஞ்சக் கிழமையில போயிடும். ரத்தம் கட்டின கறுப்பும் அப்பிடித்தான், இறுக்கமான சப்பாத்தோட விளையாடுற பெடியங்களுக்கு குதியில வரும், ஒரு மாசத்தில மேல எழும்பி உரிஞ்சு போகும். போகாம நிக்கிறதைத்தான் சந்தேகப்படோணும். இண்டைக்கு போன்ல படம் எடுத்து வைங்க, பக்கத்தில அடிமட்டம் வச்சு, ஒரு மாசம் கழிச்சு திரும்ப அதே வெளிச்சத்தில எடுங்க. குறைஞ்சிருந்தா சரி. அப்பிடியே இருந்தா, இல்லாட்டி ஒரு மில்லிமீற்றர் கூடியிருந்தாலும், போய்க் காட்டுங்க. ஏற்கனவே பல மாசமா கிடக்கிறதெண்டா இந்த ஒரு மாசமும் பொறுக்கத் தேவையில்லை, நேரா போங்க.

நகத்தைப் பற்றி கொஞ்சம் கூட எழுதோணும், இதில கன பேர் ஏமாறுறாங்க. எங்கட நிறத்து ஆக்களுக்கு நகத்தில நீளவாட்டில மண்ணிறக் கோடுகள் வர்றது சாதாரணம், அதுவும் பல விரல்ல சேர்ந்து வந்தா பெரும்பாலும் பயமில்லை. ஒரே ஒரு நகத்தில மட்டும், அதுவும் கைப் பெருவிரல் இல்லாட்டி கால் பெருவிரல்ல, வயசு போன பிறகு புதுசா ஒரு கோடு வந்தா அதைக் கவனிக்கோணும். கோடு 3 மில்லிமீற்றரை விட அகலமா இருக்கிறது, நகம் முளைக்கிற பக்கம் அகலமாவும் நுனிப் பக்கம் ஒடுக்கமாவும் இருக்கிறது, ஒரே கோட்டுக்குள்ள பல நிறம் இருக்கிறது, நகம் நடுவால பிளக்கிறது, எல்லாத்தையும் விட முக்கியமா அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டி பக்கத்துத் தோலுக்கும் நகக்கண்ணுக்கும் பரவுறது, இதைக் கண்டா ஒரு கிழமைகூட பொறுக்காதீங்க.

கதவில அடிபட்டு ரத்தம் கட்டின நகமும் கறுப்பாத்தான் இருக்கும், அதைப் பிரிச்சு அறிய ஒரு வழி இருக்கு. ரத்தம் எண்டா நகத்தோட சேர்ந்து முன்னால நகர்ந்து போகும், அடியில இருந்து நல்ல நகம் முளைச்சு வரும். கை நகம் மாசத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவில வளரும், கால் நகம் அதில பாதி. அப்ப ரெண்டு மாசத்தில கால் நகத்தின்ட அடியில ஒரு 3 மில்லிமீற்றர் துப்பரவா வந்திருக்கோணும். வரேல்ல, கறுப்பு அடிவரைக்கும் ஒட்டிக்கொண்டே நிக்குது எண்டா அது அடிபட்ட ரத்தம் இல்லை. உப்புவெளி, நிலாவெளி கடைகளில தொங்குற டீசேர்ட்டில பொப் மார்லியின்ட முகம் பார்த்திருப்பீங்க, அவருக்கும் இதுதான் நடந்தது. 1977இல கால் பெருவிரல் நகத்துக்கு அடியில வந்ததை பந்து விளையாடி அடிபட்ட காயம் எண்டு நினைச்சார், அது மெலனோமா, 1981இல 36 வயசில செத்தார். அவரும் கறுத்தத் தோல் ஆள்தான். கடற்கரையில நிக்கிற பெடியங்களுக்கு இதை விளங்கப்படுத்த அந்த டீசேர்ட்டே போதும்.

கிண்ணியா, மூதூர்ல இருக்கிற சகோதரிமாருக்கும், எங்கட வீடுகளில மருதாணி வைக்கிற பிள்ளைகளுக்கும் ஒண்டு சொல்லோணும், மருதாணி நகத்தில பிடிச்சா மாசக்கணக்கில கோடு தெரியாது, கியூடெக்ஸும் அப்பிடித்தான். பெருநாளோ கலியாணமோ, வைக்கிறதுக்கு முதல் நாள் பத்து விரலையும் வெளிச்சத்தில நீட்டி ஒரு படம் எடுத்து வையுங்க.

அடுத்தது ஆறாத புண். மெலனோமாவை விட இதுதான் எங்கட ஆக்கள்ல நான் கூடக் கேள்விப்படுறது. ரெண்டு வகை இருக்கு. ஒண்டு முகத்தில வர்றது, மூக்கு, கண்ணுக்குக் கீழ, கன்னம், நெத்தி. சின்னக் கறுப்புக் கட்டி, கிட்டப் பார்த்தா விளிம்பு முத்து மாதிரி மினுங்கும், நடுவில குழி விழுந்து பொருக்குக் கட்டும். துவாயால முகம் துடைக்கேக்க பொருக்குப் போய் ஒரு சொட்டு ரத்தம் துவாயில ஒட்டும், பிறகு காய்ஞ்சு ஆறின மாதிரி இருக்கும், திரும்ப வரும். எங்கட தோலில இது கறுப்பாவே இருக்கிறதால மச்சத்தில சொறிஞ்சிட்டன் எண்டு நினைப்பாங்க. இது மெல்லத்தான் வளரும், உடம்பில வேற இடத்துக்கு ஓடுறது மிக அபூர்வம், ஆனா விட்டா மூக்கையும் கண் இமையையும் அரிச்சுக்கொண்டே போகும்.

மற்றது இன்னும் முரடு. செதிலா, கரடுமுரடா, சில நேரம் கொம்பு மாதிரி எழும்பி, அடியைத் தொட்டா இறுகி இருக்கும். வெள்ளைக்காரங்களுக்கு இது வெயில் படுற இடத்தில வரும், எங்களுக்கு அநேகமா பழைய தழும்பிலயும் வருஷக்கணக்கா ஆறாம இருக்கிற புண்ணிலயும் வரும். இதை வாசிக்கேக்க எங்கட ஊரை ஒருக்கா நினைச்சுப் பாருங்க. ஷெல் துண்டு பட்ட தழும்போட இருக்கிறவங்க எத்தனை பேர், சண்டை நேரம் எரிகாயம் பட்டவங்க, மண்ணெண்ணெய் குக்கர் வெடிச்சு நெருப்புப் பட்ட அம்மாமார், 2004 சுனாமியில தகரம் வெட்டின காயம் இருக்கிறவங்க. சீனி வருத்தத்தால காலில புண் வந்து மாசக்கணக்கா மருந்து கட்டிக்கொண்டே இருக்கிறவங்க. எரிகாயத் தழும்பில கான்சர் வர்றதுக்கு இருபது முப்பது வருஷம்கூட எடுக்கும், அப்ப தொண்ணூறுகளில பட்ட காயத்தின்ட நேரம் இப்பதான் வருது. எல்லாருக்கும் வரும் எண்டு சொல்லேல்ல, வர்றது கொஞ்சப் பேருக்குத்தான். ஆனா தழும்பு திடீரெண்டு பிளந்து புண் வந்தா, அந்தப் புண்ணின்ட விளிம்பு சட்டி விளிம்பு மாதிரி தடிச்சு உருண்டு நிண்டா, நடுவில சதை கோலிபிளவர் மாதிரி எழும்பினா, மணம் மாறினா, முதல் இல்லாத நோவு வந்தா, மருந்து கட்டுற இடத்தில "இதில சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிக்கோணுமோ" எண்டு நீங்களே வாயைத் திறந்து கேளுங்க. தினமும் கட்டுறவங்களுக்கு தினமும் பார்க்கிற படியால மாற்றம் கண்ணில படாது, கிழமைக்கு ஒருக்கா எடுத்த படங்கள் உங்கட போன்ல இருந்தா அவங்களுக்கும் அது பெரிய உதவி.

கணக்கு இதுதான்: தோலில எந்தப் புண்ணும் நாலு கிழமையில ஆறோணும், இல்லாட்டி ஆறுற பாதையிலயாவது இருக்கோணும். வாய்க்குள்ள, உதட்டில எண்டா மூண்டு கிழமை. வெத்திலை போடுறவங்க கீழுதட்டையும் கன்னத்தின்ட உள்பக்கத்தையும் இதே போயா அண்டைக்கு டோர்ச் அடிச்சுப் பாருங்க, வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் முழுசாத் திறக்க ஏலாம இறுகிறது, இதெல்லாம் பார்க்கோணும். இலங்கையில ஆம்பிளைகளுக்கு கூடுதலா வர்ற கான்சரே வாய்க் கான்சர்தான், இது தோல் இல்லை எண்டாலும் தேடுற கை அதுதானே, ரெண்டு நிமிஷம் கூட எடுக்கும், அவ்வளவுதான். மறைவிடத்தில வர்ற ஆறாத புண்ணும் கட்டியும் இதுக்குள்ள சேரும், வெட்கத்தில மறைச்சு வச்சுப் பிந்திப் போறவங்க இருக்கிறாங்க, டொக்டர்மாருக்கு அது ஒரு உடம்புப் பகுதி மட்டும்தான்.

பயப்படத் தேவையில்லாததையும் சொல்லோணும், இல்லாட்டி கண்ணாடிக்கு முன்னால நிண்டு நித்திரை கெட்டுப் போகும். கன்னத்தில, கண்ணுக்குப் பக்கத்தில சின்னச் சின்னக் கறுப்புப் பொட்டு மாதிரி வயசோட கூடுறது பரம்பரையா வர்றது, உங்கட அம்மாவுக்கும் இருக்கும். கழுத்தில அக்குளில தொங்குற சின்னச் சதை, அது சும்மா சதை. முதுகில மெழுகு ஒட்டி வச்ச மாதிரி, கிளப்பினா வந்திடும் போல இருக்கிற மண்ணிறத் தடிப்பு வயசு போன ஆக்களுக்கு சாதாரணம். மங்கு, தேமல் கான்சர் இல்லை. ஆனா வெளிறின திட்டில தொட்டா உணர்ச்சி இல்லை எண்டா அது தொழுநோயா இருக்கலாம், அதுக்கு நல்ல மருந்து இருக்கு, ஆஸ்பத்திரியில இலவசம், அதையும் காட்டுங்க.

கூடக் கவனிக்க வேண்டியவங்க சில பேர் இருக்கிறாங்க. பிறப்பிலயே உடம்பு முழுக்க வெள்ளையா, முடியும் வெள்ளையா இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த மெலனின் குடை இல்லை, சின்ன வயசில இருந்தே முழுக்கைச் சட்டை, தொப்பி, சன் கிரீம் எல்லாம் கட்டாயம், வருஷத்துக்கு ஒருக்காவாவது டொக்டர் தோலைப் பார்க்கோணும். கிட்னி மாத்தினவங்க குடிக்கிற குளிசை உடம்பின்ட எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், அவங்களுக்கு தோல் கான்சர் வர்ற வாய்ப்பு மற்றவங்களை விடக் கூட. பிறக்கேக்கையே முதுகை மூடுற அளவு பெரிய, முடி முளைச்ச மச்சத்தோட பிறந்த பிள்ளைகளையும் கிளினிக்கில வச்சுப் பார்க்கோணும். கடல்லயும் வயலிலயும் உப்பளத்திலயும் நாள் முழுக்க வெயில்ல நிக்கிறவங்க முகத்தையும் காதையும் உதட்டையும் பார்க்கிறது நல்லது, சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டின நாட்களில சூரியன் எங்கட உச்சிக்கு நேர மேல நிக்கும், அந்தக் காலத்தில பத்து மணியில இருந்து மூண்டு மணி வரைக்கும் அகல விளிம்புத் தொப்பி இல்லாம வள்ளத்தில இருக்காதீங்க.

செய்யக் கூடாததை அழுத்திச் சொல்லுறன். சுண்ணாம்பு வச்சு எரிக்காதீங்க. பிளேட்டால சீவாதீங்க. முடி கட்டி அறுக்காதீங்க. ஆணி பிளாஸ்டரை கறுப்பு இருக்கிற இடத்தில ஒட்டாதீங்க. பியூட்டி பாலர்ல மச்சம் எரிக்கிறவங்களிட்ட, மாறிக்கொண்டிருக்கிற மச்சத்தைக் குடுக்காதீங்க. ஏனெண்டா மேல இருக்கிற கறுப்புப் போகும், அடியில இருக்கிறது இருந்துகொண்டு கீழ போகும், பிறகு டொக்டருக்கும் பார்க்கிறதுக்கு ஒண்டும் இருக்காது. மெலனோமாவில எல்லாமே ஆழக் கணக்குத்தான். தோலுக்குள்ள 1 மில்லிமீற்றருக்குக் குறைவா இருக்கேக்க எடுத்தா பெரும்பாலும் வெட்டி எடுக்கிறதோட விஷயம் முடியும், 4 மில்லிமீற்றரைத் தாண்டினா கதை வேற. பெரியப்பாவின்ட காலில பிளாஸ்டர் ஒட்டின மாசங்களில நடந்தது அதுதான்.

இனி எங்க போறது எண்டா, திருகோணமலை பெரியாஸ்பத்திரி ஓபிடிக்குப் போய் தோல் டொக்டரிட்ட அனுப்பச் சொல்லிக் கேளுங்க. கந்தளாய், கிண்ணியா, மூதூர் பக்கம் இருக்கிறவங்க கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில காட்டி கடிதம் எடுத்துக்கொண்டு வரலாம். போகேக்க செருப்பு லேசாக் கழட்டக் கூடியதாப் போட்டுக்கொண்டு போங்க, நகப்பூச்சை அழிச்சிட்டுப் போங்க, போன்ல படங்களைத் தேதியோட ஒரே இடத்தில எடுத்து வைங்க. டொக்டருக்கு நேரம் குறைவு, வெளியில இன்னும் நூறு பேர் நிப்பாங்க, அதால உள்ள போன உடன சொல்ல வேண்டியதை முதல்லயே யோசிச்சு வையுங்க: எப்ப இருந்து இருக்கு, எப்பிடி மாறினது, ரத்தம் வந்ததா, என்ன பூசினது. "ஒரு புள்ளி இருக்கு டொக்டர்" எண்டு மட்டும் சொன்னா அது ஒரு புள்ளிதான், "ஆறு மாசத்தில 4 மில்லிமீற்றர்ல இருந்து 9 மில்லிமீற்றருக்கு வந்திட்டுது, இதுதான் படம்" எண்டு சொன்னா அவர் கதிரையில இருந்து எழும்பி வந்து பார்ப்பார். பார்க்காட்டி காலைத் தூக்கி மேசை விளக்குக்குக் கிட்ட வச்சுக் காட்டுங்க. அதிலயும் உங்களுக்குத் திருப்தி இல்லாட்டி இன்னொரு டொக்டரிட்ட போங்க, ஆரும் கோவிக்க மாட்டாங்க.

சந்தேகம் இருந்தா பயொப்சி எடுப்பாங்க. விறைப்பு ஊசி போட்டு, பேனை மூடி அளவு கூட இல்லாத ஒரு சின்னத் துண்டோ, இல்லாட்டி முழு மச்சத்தையுமோ எடுப்பாங்க, ஒண்டு ரெண்டு தையல், அண்டைக்கே வீட்டுக்கு வரலாம். ஊசி போடுற நேரம் கடிக்கும், அதுவும் உள்ளங்காலில கொஞ்சம் கூட நோகும், பிறகு ஒண்டும் தெரியாது. கத்தி பட்டா கான்சர் பரவும் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுற கதை உண்மை இல்லை. பெரியப்பாவையும் அந்தக் கதைதான் ரெண்டு மாசம் வீட்டில வச்சிருந்தது, சொந்தக்காரர் ஒவ்வொருத்தரா வந்து கத்தி வைக்க விடாதீங்க எண்டு சொல்லிட்டுப் போனாங்க. பரவுறது நேரத்தாலதான்.

துண்டு எடுத்த பிறகு ரிப்போர்ட் எப்ப வரும், ஆரிட்ட கேட்கிறது எண்டு அந்த இடத்திலயே கேட்டு கிளினிக் கொப்பியில எழுதிக்கொள்ளுங்க, சொன்ன தேதிக்குப் போங்க, வரேல்ல எண்டா திரும்பப் போங்க, ரிப்போர்ட்டை ஒரு படம் எடுத்து வையுங்க. கான்சர் எண்டு வந்தா தேவையைப் பொறுத்து மட்டக்களப்பு, யாழ்ப்பாணத்தில தெல்லிப்பழை, இல்லாட்டி கொழும்புக்குக் கிட்ட இருக்கிற மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில வைத்தியத்துக்குக் காசு கட்டத் தேவையில்லை, ஆனா பஸ் செலவும் தங்குற செலவும் இருக்கும், மஹரகமவுக்கு ராத்திரியே வெளிக்கிட்டா காலமை கிளினிக்குக்கு நிக்கலாம். ஒரு ஆள் கூடப் போங்க, டொக்டர் சொல்லுறது அந்த நேரம் நோயாளியின்ட காதில ஏறாது. சிங்களம் தெரிஞ்ச ஆளா இருந்தா இன்னும் நல்லம், எங்களுக்கு மஹரகமவில அதுதான் கைகொடுத்தது.

வீட்டில நான் ஒரு பழைய சீ.ஆர். கொப்பி வச்சிருக்கிறன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம், உடம்பு மாதிரி ஒரு கோட்டுப் படம் முன்னுக்கும் பின்னுக்கும், ரெண்டு பாதம் தனியா. இருக்கிற மச்சங்களைப் பேனையால குறிச்சு பக்கத்தில அளவு எழுதி இருக்கு. முதல் மாசம்தான் மினக்கெடும், ஒரு ஆளுக்கு அரை மணித்தியாலம் போகும், பிறகு பத்து நிமிஷத்தில முடிஞ்சிடும். பெரியம்மா முதல்ல காலைக் காட்ட மாட்டன் எண்டு நிண்டவ, இப்ப போயா அண்டைக்கு அவவே கால் கழுவிட்டு வந்து வாசல்படியில நீட்டிக்கொண்டு இருப்பா. அம்மாவுக்கு இடக்கால் குதியில ஒரு மண்ணிறப் புள்ளி இருக்கு, கிளினிக்கில காட்டி, இப்போதைக்கு பார்த்துக்கொண்டு இருங்க எண்டு சொல்லி இருக்கிறாங்க. வைகாசியில 3 மில்லிமீற்றர். ஆனியில 3. ஆடியிலயும் 3.